பன்னிரண்டு பொய்த் தோட்டாக்கள்

அது பச்சை நிறத் தகரப் பெட்டி. அதற்குள் இருபத்தைந்து பொருட்கள் இருந்தன. குழல் நீளவாக்கில் அறுக்கப்பட்டு உள்பக்கம் தெரியும் பழைய துவக்கு ஒன்று, வேப்பம் பலகையில் செதுக்கிய மரத்துவக்குகள் நான்கு, படம் எழுதிய துணிச் சுருள்கள் மூன்று, குழல் துடைக்கும் கம்பிகள் இரண்டு, சிவப்புக் கொடிகள் இரண்டு, விசில் ஒன்று, பொய்த் தோட்டாக்கள் பன்னிரண்டு. பூட்டைச் சேர்த்தால் இருபத்தாறு. பூட்டைச் சேர்ப்பதா விடுவதா என்று நானும் சார்ஜனும் இரண்டு மாதம் வாதாடியிருக்கிறோம். இன்றைக்கு என் வீட்டு மருந்துக் குளிசைகளையே இரண்டு தரம் எண்ணித்தான் எடுக்கிறேன்; ஆனாலும் அந்த இருபத்தைந்தைத்தான் நித்திரையிலும் பிழையில்லாமல் சொல்வேன்.

சார்ஜன் என்று நாங்கள் அழைத்தவர் பொலிஸில் இருந்து ஓய்வு பெற்றவர். முசலிக் கரையோரத்து முஸ்லிம். பல வருடம் புத்தளத்தில் அகதியாக இருந்துவிட்டு, போர் முடிந்த பிறகு பற்றை மூடிக் கிடந்த தன் காணிக்குத் திரும்பி வந்திருந்தார். அந்த நாட்களில்தான் வயல்காரர்களுக்குத் துவக்கு அனுமதிப்பத்திரம் திரும்பவும் கிடைக்கத் தொடங்கியது. பன்றியும் யானையும் வெள்ளாமையை அழித்துக்கொண்டிருந்தன. துவக்கு வைத்திருக்கிறவர்கள் மூன்று சனிக்கிழமை வகுப்புக்கு வந்து, வந்ததற்குக் கடிதம் எடுத்துக் கொடுத்தால்தான் பத்திரம் புதுப்பிக்கலாம் என்று ஓர் ஒழுங்கு வந்தது. பெருநிலப்பரப்பில் வயல்களுக்கு நடுவே இருந்த எங்கள் விவசாயக் கந்தோரில் அந்த வகுப்பை நடத்தச் சார்ஜனைப் பிடித்தார்கள். நான் அங்கே களஞ்சியப் பொறுப்பாளர். தீவிலிருந்து பாலம் தாண்டி பஸ்ஸில் வந்துபோவேன். சனங்களுக்கு நான் ஸ்ரோர் ஐயா.

வகுப்பு என்று அறிவித்தார்களே ஒழிய, ஒரு வெண்கட்டிகூடக் கொடுக்கவில்லை. அத்தனையும் சார்ஜன் தானாகத் தேடியவை. அறுத்த துவக்கு ஏதோ பழைய இரும்பில் கிடந்தது. மரத்துவக்குகளைத் தன் மாமரத்துக்குக் கீழே இருந்து அவரே செதுக்கினார். பொய்த் தோட்டாக்களுக்கு, சுட்டுக் கழித்த வெறும் கோதுகளை வயல்காரர்களிடம் வாங்கி, அடியில் இருந்த, அடித்தால் தீப்பற்றும் வெடிப்பொட்டைக் கழற்றி எறிந்து, அந்த இடத்தைத் துளையாகவே விட்டு, உள்ளே மணல் நிரப்பி மெழுகால் அடைத்து, வெள்ளைப் பூச்சு அடித்தார். வெள்ளை என்றால் பொய். அடியில் துளை இருந்தால் பொய். இரண்டும் இருக்க வேண்டும் என்பது அவருடைய சட்டம்.

முதல் சனிக்கிழமை அவர் யாரையும் எதையும் தொடவிட மாட்டார். ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி. “துவக்கு கிடக்கிற இடம் வீட்டில யாருக்கெல்லாம் தெரியும்?” ஒருவர் விடாமல் “எல்லாருக்கும் தெரியும்” என்பார்கள். “அப்ப அது உங்கட துவக்கு இல்ல. உங்கட வீட்டுத் துவக்கு. வீட்டில ஆருக்குக் கோவம் வந்தாலும் அதுதான் பேசும்” என்பார். இன்னொன்றும் சொல்வார்: “துவக்கு வெறுமை எண்டு நினைச்சன் ஐயா எண்டு சொன்ன ஆக்களை நான் பொலிஸ் கூட்டிலதான் கண்டிருக்கிறன்.” நான் களஞ்சியத்துக்குள் இருந்து ஜன்னலால் இவற்றைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

எங்கள் ஆட்களுக்குத் துவக்குப் பற்றி வகுப்பா என்று முதலில் எல்லோரும் சிரித்தார்கள். குழலின் வாய் எப்போதும் மண் அணைப் பக்கமே பார்க்க வேண்டும் என்று அவர் முதல்நாள் சொன்னபோது, பின்வரிசையில் இருந்த ஒருவர் எழும்பினார். “சார்ஜன், துவக்கின்ர வாய் எந்தப் பக்கம் எண்டு எங்களுக்கு வடிவாத் தெரியும். முப்பது வருசமா எங்களைப் பாத்துத்தானே நிண்டது.” அந்தக் குழுவில் இருந்த பதினாலு பேரும் வெடித்துச் சிரித்தார்கள். சார்ஜனும் சிரித்தார். பிறகு, “அதுதான் சொல்லுறன். இனியாவது மண்ணைப் பாக்கட்டும்” என்றார். கந்தோருக்குப் பின்னால் இராணுவம் விட்டுப்போன மண் அணை ஒன்று ஆள் உயரத்துக்கு நின்றது. மூன்றாவது சனிக்கிழமை எல்லோரும் தங்கள் சொந்தத் துவக்கைப் பிணைச்சலில் முறித்து, குழல் தொங்கத் திறந்தபடி கொண்டுவந்து, அந்த அணையைப் பார்த்து வரிசையாக நின்று, பொய்த் தோட்டாவைப் போட்டு, மூடி, விசில் கேட்டதும் விசையை இழுத்து, திறந்து, எடுத்துப் பழக வேண்டும். பொய்த் தோட்டாதானே என்று யாராவது குழலை ஒரு சாண் திருப்பினாலும் விசிலை ஊதி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, முதலில் இருந்து தொடங்குவார். ஒருநாள் ஒரே மனிதருக்காக ஏழு தடவை தொடங்கினார். வெயிலில் நின்றவர்கள் வாய்க்குள் ஏசினார்கள்.

எனக்கு அவரோடு வேறு வழக்கு. வரிசை தொடங்குமுன் பன்னிரண்டு தோட்டாக்களையும் ஒரு சாக்கில் கொட்டி, ஒவ்வொன்றையும் புரட்டி, அடித்துளைக்குள் ஓர் ஆணியைக் குத்திப் பார்ப்பார். எனக்கு அதைக் கண்டால் பொறுக்காது. சாக்கில் கொட்டினால் உருண்டு ஓடும், ஓடினால் தொலையும், தொலைந்தால் பதில் சொல்கிறவன் நான். “நான் எண்ணித்தானே தாறன், பிறகென்ன?” என்பேன். “ஸ்ரோர் ஐயா, எண்ணுறது உங்கட வேலை. பாக்கிறது என்ட வேலை” என்பார்.

நான் பயந்ததுபோலவே ஒரு மூன்றாவது சனிக்கிழமை பின்னேரம் பெட்டிக்குள் பதினொன்றுதான் இருந்தன. நான் முற்றத்தைக் கூட்டுவித்தேன். மண் அணையைக் கிளறுவித்தேன். வயல்காரர்களின் பைகளைக்கூட அவிழ்க்கச் சொன்னேன். அதற்காக அவர்கள் என்னைப் பார்த்த பார்வை இன்றைக்கும் நினைவில் இருக்கிறது. எத்தனையோ சோதனைச் சாவடிகளில் பையை அவிழ்த்து அலுத்தவர்கள் அவர்கள். பன்னிரண்டாவது கிடைக்கவில்லை. அது வந்து சேரும்வரை அந்தப் பதினாலு பேருக்கும் கடிதம் இல்லை என்று சொல்லிவிட்டேன். சார்ஜன் தான் இன்னொன்று செய்து தருவதாகச் சொன்னார். தொலைத்தவர்தான் ஈடு வைக்க வேண்டும் என்று நான் ஒரே பிடியாக நின்றேன். அதோடு விடாமல், தோட்டாக்களைத் தரையில் கொட்டிச் சோதிப்பதனால்தான் இழப்பு ஏற்படுகிறது, இனிமேல் அவை பெட்டியிலிருந்து நேரே பெயர் பதிந்து ஒவ்வொருவர் கையிலும் கொடுக்கப்பட வேண்டும் என்று மேலதிகாரிக்குக் கடிதமும் எழுதினேன். மேலதிகாரி ஓரத்தில் ‘அங்கீகரிக்கப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். அந்தக் கடிதத்தை நல்ல தமிழில் எழுதியிருக்கிறேன் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

நாலு நாள் கழித்து உயிலங்குளத்திலிருந்து ஒரு வயோதிபர் வந்தார். கடிதம் மறிக்கப்பட்ட பதினாலு பேரில் அவரும் ஒருவர். சைக்கிளை மரத்தில் சாத்திவிட்டு, பேப்பரில் சுற்றிய ஒரு பொருளை என் மேசையில் வைத்தார்.

“இந்தாங்கோ ஐயா. நான் தொலைக்கேல்ல. ஆனா ஆரோ ஒராள் குடுத்தாத்தானே நீங்கள் கடிதம் தருவியள்.”

வெள்ளை அடித்த தோட்டா. பூச்சு இன்னும் காயவில்லை. என் பெருவிரலில் ஒட்டியது.

“இது எங்கால?” என்றேன்.

“என்ர வீட்டில கிடந்த செத்த தோட்டா ஐயா. மாரிக்குள்ள ஊறிப்போச்சு. ரெண்டு தரம் அடிச்சுப் பாத்தனான், வெடிக்கேல்ல. வெள்ளையும் பூசியிருக்கிறன், பாருங்கோ.”

அடித்தும் வெடிக்காமல் போன தோட்டாவை எங்கள் பக்கத்தில் செத்த தோட்டா என்றுதான் சொல்வார்கள். செத்தது செத்ததுதான் என்பது எல்லா வயல்காரரின் நம்பிக்கை. அந்த நம்பிக்கை பிழை என்பதைச் சொல்லத்தான் சார்ஜனின் இரண்டாவது துணிச் சுருள் முழுவதும் இருந்தது. நனைந்தது காயும், ஒருமுறை அடித்து வெடிக்காதது மூன்றாவது முறை வெடிக்கும், அதைப் பொலிஸில் ஒப்படைக்க வேண்டும், வீட்டில் வைக்கக்கூடாது. இதை நான் ஜன்னலால் ஒன்பது வகுப்புகளில் கேட்டிருக்கிறேன். எனக்குத் தெரியாது என்று நான் எங்கேயும் சொல்ல முடியாது. தெரியும். ஆனால் அந்த நேரம் என் கண்ணுக்கு முன்னால் இருந்தது தோட்டா அல்ல, பன்னிரண்டு என்ற எண். பதிவுப் புத்தகத்தைத் திறந்து ‘12 – சரி’ என்று எழுதினேன். பதினாலு கடிதங்களையும் அன்றைக்கே கையெழுத்துக்கு அனுப்பினேன். வயோதிபர் என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அடுத்த குழுவின் மூன்றாவது சனிக்கிழமை வந்தது. சார்ஜன் வழக்கம்போல் சாக்கை விரித்தார். நான் மேலதிகாரியின் கையெழுத்துள்ள கடிதத்தை நீட்டினேன். அவர் அதை வாசித்தார். ஆணியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, “சரி. மேலிடம் சொன்னாச் சரி” என்றார். பொலிஸில் முப்பது வருடம் இருந்தவர். கட்டளை என்று வந்தால் முகத்தில் ஒன்றும் காட்டமாட்டார். நான் பெயர் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பன்னிரண்டு கைகளில் பன்னிரண்டு தோட்டா கொடுத்தேன். மற்ற இருவரும் தங்கள் முறைக்காகப் பின்னால் நின்றார்கள்.

விசில் ஊதியது. பதினொரு துவக்குகள் டிக் என்றன. ஒன்று வெடித்தது.

மண் அணையில் ஒரு பெரிய கிண்ணம் அளவுக்குப் பள்ளம் விழுந்து புழுதி எழும்பியது. புளியமரத்தில் இருந்த மயில்கள் கத்திக்கொண்டு பறந்தன. சுட்டவர் தோளைப் பிடித்தபடி மல்லாக்க விழுந்தார். மற்றப் பதின்மூன்று பேரும் ஒரே கணத்தில் குப்புறப் படுத்து, தலையைக் கைகளால் மூடிக்கொண்டார்கள். அதை எந்தச் சார்ஜனும் அவர்களுக்குப் பழக்கவில்லை. நான் மேசைக்குக் கீழே கிடந்தேன். சார்ஜன் மட்டும் நின்றார். நின்றபடி, விசிலை வாயிலிருந்து எடுக்காமல், படுத்துக் கிடந்தவர்களை ஒன்று, இரண்டு என்று விரலால் எண்ணினார். அவர் எதையும் எண்ணி நான் கண்டது அன்றைக்குத்தான். பதினாலும் சரியாக இருந்தது. ஒருவருக்கும் கீறல் இல்லை. ஏனென்றால் ஒரு குழல்கூட ஒரு சாண் விலகியிருக்கவில்லை.

அது அந்த வகுப்பின் வெற்றி என்று ஒருவரும் சொல்லவில்லை. விசாரணைக்கு இரண்டு பேர் வந்தார்கள். அதற்கு முதல்நாள் சார்ஜன் வெடித்த கோதோடு என் மேசைக்கு வந்தார். அடியில் இருந்த பூச்சைக் கத்தியால் சுரண்டியிருந்தார். துளை இல்லை, அடிபட்ட வெடிப்பொட்டு இருந்தது.

“இது நான் செய்தது இல்ல, ஸ்ரோர் ஐயா. உங்கட பெட்டிக்குள்ள எப்பிடி வந்தது?”

“நான் பன்னிரண்டு குடுத்தனான். பன்னிரண்டு.”

அவர் திறந்து கிடந்த என் பதிவுப் புத்தகத்தைக் குனிந்து பார்த்தார். பிறகு கோதை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

விசாரணையில் என்னிடம் மூன்று கேள்விகள் கேட்டார்கள். எத்தனை தோட்டா கொடுத்தீர்? பன்னிரண்டு. எத்தனை திரும்பி வந்தது? வெடித்த கோதோடு பன்னிரண்டு. களஞ்சியத்தில் நிஜத் தோட்டா வைத்திருந்தீரா? இல்லை, அப்படி ஒன்றும் பதிவில் இல்லை. மூன்றும் எழுத்துக்கு எழுத்து உண்மை. வயோதிபரைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. எனக்கு ஓய்வுக்கு இன்னும் பதினொரு மாதம் இருந்தது.

சார்ஜனிடம் கேட்டபோது அவர் எழும்பி நின்று சொன்னதை நான் அடுத்த அறையில் இருந்து கேட்டேன். “வகுப்பு என்ட. துளையைப் பாக்கிறது என்ட வேலை. பாக்கேல்ல. என்னை நிப்பாட்டுங்க. வகுப்பை நிப்பாட்டாதீங்க. பதினேழு பேர் காத்திருக்கிறாங்க.” பதினேழு என்ற எண் என்னுடைய பட்டியலில் இருந்தது. அவர் அதை மனப்பாடம் பண்ணியிருந்தார்.

இரண்டையும் நிறுத்தினார்கள், அவரையும் வகுப்பையும். ஆபத்தான பயிற்சி என்று எழுதினார்கள். கடிதம் இல்லாமலே பத்திரம் புதுப்பிக்கலாம் என்று ஆனது. பெட்டியைக் களஞ்சியத்தில் ஒப்படைக்கச் சொன்னார்கள். நான் ஒவ்வொரு பொருளாக வெளியே எடுத்து எண்ணினேன். தோட்டாக்கள் பதினொன்று. கிழிந்துபோனதால் சார்ஜன் தொங்கவிடாமல் வைத்திருந்த மூன்றாவது துணிச் சுருளை எடுத்து நிமிர்த்தியபோது, அதற்குள்ளிருந்து வெள்ளைத் தோட்டா ஒன்று மேசையில் விழுந்து உருண்டது. அடியில் துளை இருந்தது. அத்தனை நாளும் அது பெட்டிக்குள்ளேயே இருந்திருக்கிறது. முற்றம் கூட்டியவன், மனிதரின் பைகளை அவிழ்த்தவன், சுருளுக்குள் பார்க்கவில்லை. பன்னிரண்டு என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். கணக்கு அன்றைக்கும் சரியாகவே இருந்தது.

அடுத்த அறுவடைக்குள் நறுவிலிக்குளத்தில் ஒருவர், உழவு இயந்திரப் பெட்டியில் துவக்கை மூடியபடி, உள்ளே தோட்டாவோடு கிடத்திக்கொண்டு போனார். வரம்பு ஒன்றில் ஏறி இறங்கியபோது அது வெடித்தது. எதிரே இருந்த அவருடைய தம்பி அந்த இடத்திலேயே முடிந்தார். பத்திரிகையில் துவக்குக்காரரின் பெயரைக் கண்டதும் நான் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். பதினேழு பேரில் ஒன்பதாவது. துவக்கை முறித்துத் திறந்தபடி கொண்டுபோக வேண்டும் என்பது முதலாம் சனிக்கிழமைப் பாடம். அவர் அந்தச் சனிக்கிழமைக்குக் காத்திருந்தவர்.

செத்த வீட்டுக்குப் போக எனக்குத் துணிவு வரவில்லை. ஓய்வு பெற்று இரண்டு வாரத்தில் முசலிக்குப் போனேன். சார்ஜன் மாமரத்துக்குக் கீழே கதிரை போட்டு, எனக்குத் தேத்தண்ணி கொடுத்தார். வயோதிபர் வந்தது, பேப்பர் சுற்றியது, காயாத பூச்சு, நான் எழுதியது எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்கு நல்லாயிருந்திருக்கும்.

“எனக்குத் தெரியும், ஸ்ரோர் ஐயா. புத்தகத்தில பன்னிரண்டுக்குப் பக்கத்தில உங்கட பெருவிரல் வெள்ளையாப் பதிஞ்சு கிடந்துதே.”

“அப்ப ஏன் சொல்லேல்ல?”

“நான் சொன்னா அது கோள். நீங்க சொன்னா அது சாட்சி. நீங்க சொல்லுவீங்க எண்டு கடைசி நாள் வரைக்கும் பாத்துக்கொண்டு இருந்தன்.” கோப்பையை எடுத்து வைத்தார். “நனைஞ்ச தோட்டாவாலதான் வெடிச்சது எண்டு அண்டைக்குத் தெரிஞ்சிருந்தா, வகுப்பை இன்னும் ரெண்டு மடங்காக்கியிருப்பாங்க. இப்ப வந்து எனக்குச் சொல்லி என்ன? நான் ஏற்கெனவே இந்தப் பாடம் படிச்ச ஆள்.”

மூன்று வருடத்துக்குப் பிறகு அவர் மௌத்தான செய்தி கிடைத்து நான் போய்ச் சேர்வதற்குள் அடக்கியிருந்தார்கள். அவருடைய மகன் என்னைப் பார்த்து நீங்கள் யார் என்று கேட்டார். வாப்பாவோடு வேலை செய்தனான் என்றேன். அதுகூட முழு உண்மை இல்லை.

போன மாதம், எங்கள் பழைய கந்தோர் இருந்த ஊரில் துவக்கு உரிமையாளர்களுக்குக் கருத்தரங்கு என்று ஓர் அறிவித்தலைப் பஸ் தரிப்பிடத்தில் கண்டு, கூப்பிடாமலே போனேன். குளிரூட்டிய மண்டபம். சுவரில் ஒளிப்படம் காட்டினார்கள். பேசிய பெடியன் மரியாதையானவன். ஆனால் மண்டபத்தில் ஒரு துவக்கும் இல்லை, மரத்தில்கூட இல்லை. ஆளுக்கு ஒரு வழவழப்பான கையேடு, ஒரு பேனை, ஒரு சாப்பாட்டுப் பொதி. நாற்பது நிமிடத்தில் முடிந்தது. ஏதும் கேள்வி உண்டா என்றபோது நான் கையை உயர்த்தி, செத்த தோட்டாவை என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன்.

“அது இந்தக் கையேட்டில இல்லை, ஐயா” என்றான்.

எனக்கு எழுபத்தாறு வயது. கதிரையில் இருக்கச் சொல்லமாட்டார்கள் என்ற துணிவில் நின்றபடியே சொன்னேன். நனைந்தது காயும், அடித்தது மறுபடி வெடிக்கும், உயிலங்குளத்து வயோதிபர், நான் எழுதிய பன்னிரண்டு, எல்லாம். சார்ஜன் அன்றைக்கு விசாரணைக்கு வந்தவர்களுக்கு முன்னால் நான் சொல்ல வேண்டும் என்று காத்திருந்ததை, சாப்பாட்டுப் பொதி அவிழ்க்கும் சத்தத்துக்கு நடுவே சொன்னேன். எத்தனை பேர் கேட்டார்கள் என்று தெரியாது. முடிந்ததும் ஒருவர் மட்டும் சிரித்துக்கொண்டு என்னிடம் வந்தார். விடத்தல்தீவுக்கு உட்பக்கமாக வயல் செய்கிறவர்.

“ஐயா சொல்லுற மாதிரிச் செத்தது என்ர வீட்டிலயும் மூண்டு கிடக்குது. அலுமாரிக்கு மேல, ஒரு ரின்னுக்குள்ள.”

“இப்பவே போவம்” என்றேன்.

“இப்பவோ? சாப்பிட்டிட்டுப் போவமே.”

“இப்பவே.”

அவருடைய மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறிப் போனேன். அவருடைய மனைவி கதிரையில் ஏறி அந்தத் தகர ரின்னை இறக்கித் தந்தார். நான் மூடியைத் திறந்து, ஒவ்வொன்றாக எடுத்து, அடியைப் புரட்டிப் பார்த்து, மேசையில் வைத்தேன். இரண்டுதான் இருந்தன.

“மூண்டு எண்டல்லோ சொன்னனீங்கள்?”

அவர் தலையைச் சொறிந்தார். மூண்டுதான், நல்லா நினைவிருக்கு, ஆராவது எடுத்திருப்பினம் என்றார். யார் என்று கேட்டேன். வீட்டில் எட்டுப் பேர். எல்லோருக்கும் அந்த ரின் தெரியும். அலுமாரிக்குப் பின்னால் பார்த்தோம். உரப்பைகளை அவிழ்த்தோம். நான் விட்டபாடில்லை. உலையில் சோறு கொதித்துப் பொங்கி அடுப்பு அணைந்தது. கடைசியில் அந்த அம்மா பொறுமை இழந்து, சொந்தத் தகப்பனை ஆற்றுவதுபோல் என்னிடம் சொன்னார்:

“விடுங்கோ ஐயா. ரெண்டு எண்டே எழுதிக்கொண்டு போங்கோவன்.”